காய்ச்சல் பரவும் மாதங்களில் ஜிம்முக்குப் போகலாமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் தலைதூக்குகிறது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் நாலு நாளில் மற்றவர்களும் படுத்துவிடுகிறார்கள். அந்த வாரங்களில் உடற்பயிற்சிக் கூடம் போகிறவர்களின் காதில் இரண்டு பேச்சு விழும். ‘உடம்பு திடமா இருந்தா வைரஸ் என்ன பண்ணிடும், வந்துடுங்க’ என்பார் கூடவே பயிற்சி செய்பவர். ‘ஊரெல்லாம் காய்ச்சல், இப்ப எதுக்கு உடற்பயிற்சியெல்லாம்’ என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கரோனா காலத்தில் உலகம் முழுக்க நடந்த வாதமும் இதேதான்.

இரண்டு பேச்சையும் நான் ஏற்கவில்லை. நோயில்லாதவர் உடற்பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. காற்றோட்டம் இல்லாத கூடத்தில் செய்வதை மட்டும் அந்த வாரங்களுக்கு நிறுத்தியே ஆக வேண்டும். காய்ச்சல் கண்டவர், அவர் பயிற்சியாளராகவே இருந்தாலும், உள்ளே வரக் கூடாது. வராமல் இருப்பதற்காக அவர் பணத்தை இழக்கும்படியும் வைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை.

2020 பிப்ரவரி 15 அன்று தென்கொரியாவின் சியோனான் நகரில், உடற்பயிற்சி நடனம் கற்பிக்கும் 27 பயிற்சியாளர்கள் ஒரு பயிலரங்கில் கூடினார்கள். நாலு மணி நேரம் வியர்க்க வியர்க்க ஆடினார்கள். பிறகு தத்தம் ஊர் வகுப்புகளுக்குத் திரும்பினார்கள். அவர்களில் 8 பேருக்குக் கரோனா தொற்று இருந்தது பின்னால்தான் தெரியவந்தது. மார்ச் இரண்டாம் வாரத்துக்குள் 12 உடற்பயிற்சிக் கூடங்களோடு தொடர்புடைய 112 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வகுப்புகள் நடந்த அறைகள் சுமார் 60 சதுர மீட்டர், நம் கணக்கில் 650 சதுர அடி. ஒரு வகுப்பில் 5 முதல் 22 பேர்; நேரம் 50 நிமிடம். தொற்றிய பயிற்சியாளர்களின் வகுப்புகளில் இருந்தவர்களில் நாலில் ஒருவருக்கு நோய் வந்தது.

இந்தப் பரவலை விவரித்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த தகவல் வேறு. அதே பயிற்சியாளர்களில் ஒருவர் 7, 8 பேர் கொண்ட யோகா, பிலாட்டிஸ் வகுப்புகள் எடுத்திருக்கிறார். அங்கே ஒருவருக்கும் தொற்றவில்லை. மெதுவாக மூச்சு விடும் சிறு கூட்டத்தில் தொற்றாத நோய், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் கூட்டத்தில் தொற்றியிருக்கிறது.

காரணத்தைப் பின்னால் அளந்தே சொல்லிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 5 முதல் 15 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். முழு வேகத்தில் ஓடும்போதும் மிதிக்கும்போதும் அது 100 லிட்டரைத் தாண்டும். உள்ளே இழுப்பது கூடினால் வெளியே விடுவதும் கூடும். ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்குச் சராசரியாக 580 நுண்துகள்களை மூச்சோடு வெளிவிடுகிறார். உடம்பை உச்சத்துக்கு வருத்தும்போது அது 76,200 ஆகிறது. நூறு மடங்குக்கு மேல். மிதமான வேகம்வரை மெல்ல ஏறும் இந்த எண்ணிக்கை, அதைத் தாண்டியதும் கிடுகிடுவென உயர்கிறது. நோயாளி வெளிவிடுவதும் கூடுகிறது, பக்கத்தில் இருக்கும் நோயில்லாதவர் உள்ளிழுப்பதும் கூடுகிறது. அலுவலகம், திரையரங்கு, பேருந்து எல்லாமே மூடிய இடங்கள்தாம். ஆனால் அங்கே யாருக்கும் இப்படி மூச்சு வாங்குவதில்லை.

ஹவாயின் ஹொனலூலுவில் 2020 ஜூன் இறுதியில் நடந்ததையும் பார்க்க வேண்டும். நிலைமிதிவண்டி வகுப்பு எடுத்த பயிற்சியாளர் ஒருவருக்கு, வகுப்பு முடிந்த சில மணி நேரத்தில் உடம்பு முடியாமல் போனது. வகுப்பில் இருந்த 10 பேருக்கும் தொற்றியது. ஒருவர்கூடத் தப்பவில்லை. மிதிவண்டிகளுக்கு இடையே 6 அடி இடைவெளி விட்டிருந்தார்கள். ஆனால் கதவும் சன்னலும் சாத்தியிருந்தன. பெரிய மின்விசிறிகள் சுழன்றன. பயிற்சியாளர் பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்தி உற்சாகப்படுத்தினார். அவரே அதற்கு இரண்டு நாளுக்கு முன்பும் அதற்கும் முன்பும் எடுத்த வகுப்புகளில் இருந்த 33 பேரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. வைரஸ் ஒருவரிடமிருந்து மிக அதிகமாக வெளியேறுவது அறிகுறி தெரியும் நாளை ஒட்டித்தான். உடம்பு லேசாக வலிக்கும், தொண்டை கரகரக்கும், ‘ஒண்ணுமில்ல, தூக்கம் பத்தல’ என்று நாம் தள்ளிவிடும் அந்த நாள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் வேறொரு கூடத்தில் பயிற்சியாளர். அவர் வழியாக நோய் அங்கேயும் போனது. மொத்தம் 21 பேர்.

இரண்டு மாதம் கழித்து சிகாகோவில் ஒரு கூடம். அங்கே விதிகள் எல்லாம் கடைப்பிடிக்கப்பட்டன. கொள்ளளவில் கால் பங்கு ஆள்தான்; 6 அடி இடைவெளி; நுழையும்போது முகக்கவசம், வெப்பமானி. உடற்பயிற்சி செய்யும்போது மட்டும் முகக்கவசத்தைக் கழற்றிக்கொள்ள விட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் தீவிரப் பயிற்சி வகுப்புகளுக்கு வந்த 81 பேரில் 55 பேருக்குத் தொற்றியது. விசாரித்தபோது தெரிந்தது இது: தொற்றியவர்களில் 22 பேர் அறிகுறி தொடங்கிய அன்றோ அதற்குப் பிறகோ வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். 3 பேர் தொற்று உறுதியான முடிவு வந்த அன்றோ அதற்குப் பிறகோ வந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் விட்டால் எல்லாம் போய்விடும் என்ற பதற்றம் உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவர்களுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். ஒரு வாரம் விட்டால் தசை கரைந்துவிடாது. இரண்டு வாரம் விட்டாலும் திரும்பி வந்து சில நாளில் பழைய எடையைத் தூக்கிவிடலாம்.

இனி நம் ஊர்க் கூடங்களுக்கு வருவோம். துணிக்கடைக்கு மேலேயோ வங்கிக்கு மேலேயோ இரண்டாவது மாடி. தெருப்பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடித் தடுப்பு, அதன்மேல் புஜத்தை முறுக்கும் ஆளின் படம். மற்ற சுவர்களில் ஆளுயர நிலைக்கண்ணாடி. மேலே நாலைந்து ஸ்பிளிட் ஏசி. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் தரைத்தளத்துக்குக் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டிய ஓர் அறை. மாலை 6 மணிக்கு மேல் ட்ரெட்மில்லுக்கு வரிசை. பெஞ்சில் ஒருவர் செட் முடித்து எழுந்திருப்பதற்காக இருவர் துண்டோடு காத்திருப்பார்கள். யாராவது கதவைத் திறந்துவைத்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: ‘ஏசி போகுது, மூடுங்க.’

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிராக்கி, அங்கேயே திருப்பி விடுகிறது. குளிர்ச்சியாக இருப்பதால் காற்று சுத்தமாக இருப்பதாகத் தோன்றுகிறது. 30 பேர் விட்ட மூச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. 2020 ஆகஸ்ட் 5 முதல் கூடங்களைத் திறக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தபோது, சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையில் ஆளுக்கு 4 சதுர மீட்டர் இடம், வெளிக்காற்று முடிந்தவரை உள்ளே வரும் வசதி, குறுக்குக் காற்றோட்டம், ஏசி 24 முதல் 30 டிகிரி என்று எல்லாம் இருந்தன. கத்துவதற்கும் சிரிப்பு யோகாவுக்கும் தடை இருந்தது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10 முதல், 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று திறந்தார்கள். நடைமுறையில் நாம் பார்த்தது நெற்றியில் வைக்கும் வெப்பமானியையும் சானிடைசர் பாட்டிலையும்தான். செலவு குறைவானது, கண்ணுக்குத் தெரிவது எதுவோ அது செய்யப்பட்டது. சன்னல் உடைத்து வைக்கப்படவில்லை. 2021 ஏப்ரல் 26 முதல் இரண்டாம் அலைக்காகக் கூடங்கள் மறுபடி மூடப்பட்டன; உரிமையாளர்கள் வாடகையும் கருவிகளுக்கான கடன் தவணையும் கட்ட முடியாமல் திண்டாடினார்கள். அவர்கள் பட்ட கஷ்டம் பொய்யல்ல. அத்தனை கஷ்டத்துக்குப் பிறகும் பெரும்பாலான அறைகளில் காற்று புகும் வழி முன்பு இருந்தது போலவேதான் இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

கருவிகளைத் துடைப்பது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. அது எந்த வைரஸுக்கு என்பதைப் பொறுத்தது. கரோனாவும் இன்ஃப்ளூயன்ஸாவும் பெரும்பாலும் காற்று வழியாக வருகின்றன; அங்கே டம்பெல்லைத் துடைத்துவிட்டுச் சன்னலைச் சாத்துவதால் பயனில்லை. மெட்ராஸ் ஐ வேறு. அதைப் பெரும்பாலும் கொண்டுவரும் அடினோவைரஸ் உலோகப் பரப்பில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். பொதுத் துண்டு, டம்பெல் பிடி, கேபிள் கைப்பிடி, பிறகு அதே கையால் கண்ணில் வழியும் வியர்வையைத் துடைப்பது, இவைதாம் அதன் வழி. மெட்ராஸ் ஐ பரவும் வாரத்தில் சன்னல் திறந்திருந்தாலும் கை சுத்தமில்லை என்றால் வந்துவிடும். டெங்குவுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அது கொசு வழியாகத்தான் பரவும். ஆனால் டெங்குக் காய்ச்சலோடு எடை தூக்குவது தன் உயிரோடு விளையாடுவது.

காய்ச்சலோடு உடம்பை வருத்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘வியர்த்தால் காய்ச்சல் இறங்கிடும்’ என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 1940களின் இறுதியில் பிரிட்டனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது ரிட்சி ரஸ்ஸல் என்ற நரம்பியல் மருத்துவர் நோயாளிகளின் முதல் சில நாள்களைக் கவனமாக விசாரித்தார். நோய் தொடங்கியதும் படுத்துவிட்டவர்களுக்கு வாதம் லேசாக இருந்தது. உடல் உழைப்பையும் விளையாட்டையும் விடாமல் தொடர்ந்தவர்களைத்தான் வாதம் கடுமையாகத் தாக்கியது. சுவீடனில் 1979 முதல் 1992 வரை, காட்டில் வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடித்து ஓடும் போட்டிகளில் ஈடுபட்ட 16 இளம் வீரர்கள் திடீரென மாரடைத்து இறந்தார்கள். பலரின் இதயத் தசையில் அழற்சி காணப்பட்டது. அதன் பிறகு சில மாதங்கள் போட்டிகளையே நிறுத்திவைத்தார்கள். இன்ஃப்ளூயன்ஸா, கரோனா, காக்சாக்கி போன்ற வைரஸ்கள் சிலருக்கு இதயத் தசை அழற்சியை உண்டாக்கும். அந்த அழற்சியோடு கடுமையாக உழைக்கும் இதயம் சீர் தவறித் துடிக்கலாம். எல்லாருக்கும் நடப்பதல்ல, அரிதாகத்தான் நடக்கும். ஆனால் யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாது.

விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. மூக்கு ஒழுகுதல், தும்மல் என்று கழுத்துக்கு மேலே மட்டும் தொந்தரவு என்றால் மெதுவான நடை போகலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓய்வு. இது நம் உடம்பைக் காப்பதற்கான அளவுகோல் மட்டுமே. மூக்கு ஒழுகுபவர் நடக்கலாம். மூடிய கூடத்துக்கு வந்து மற்றவர்கள் முன் மூச்சு விடக் கூடாது.

உடம்பு நன்றாக இருப்பவர்கள் நோய்க்குப் பயந்து சோபாவிலேயே உட்கார்ந்துவிடுவதும் ஆபத்துதான். தெற்குக் கலிஃபோர்னியாவில் 2020-இல் கரோனா தொற்றிய 48,440 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தொற்றுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் வாரத்துக்கு 150 நிமிடம் தவறாமல் உடற்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால், உடம்பை அசைக்காதவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. வயதும் உறுப்பு மாற்று சிகிச்சையும் தவிர மற்ற பல காரணங்களைவிட இது பெரிதாகத் தெரிந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் தமிழ்நாட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

கூடங்களைச் சரியாக நடத்த முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2020 கோடையில் நார்வேயின் ஆஸ்லோவில் 5 கூடங்களின் உறுப்பினர்கள் 3,764 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் உள்ளே விட்டார்கள். 64 வயதுக்கு மேற்பட்டவர்களும் நாள்பட்ட நோய் உள்ளவர்களும் இதில் சேர்க்கப்படவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பரிசோதித்தபோது, கூடத்துக்குப் போன பாதியில் தொற்று கண்டவர் ஒரே ஒருவர். ஊரில் அப்போது பரவல் குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். வெளியே நோய் குறைவு, உள்ளே ஒழுங்கு, அப்படி இருந்தால் கூடம் பெரிய ஆபத்தில்லை. தென்கொரியா 2021 ஜூலையில் வேறொரு வழியை முயன்றது. சியோல் வட்டாரக் கூடங்களில் ட்ரெட்மில் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, குழு வகுப்புப் பாட்டின் தாளம் நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டக் கூடாது என்றது. பலர் அதைக் கேலி செய்தார்கள். சியோனானில் நடந்ததைப் படித்தவர்களுக்கு அதன் நியாயம் விளங்கும்.

ஆக, காய்ச்சல் பரவும் வாரத்தில் ஒருவர் எங்கே போவது? முதலில் மொட்டைமாடி. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் சூரிய நமஸ்காரத்துக்கும் எந்தக் கருவியும் வேண்டாம். மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் திறந்தவெளிக் கருவிகள் இருக்கின்றன. மழை விட்ட காலையில் நடக்கலாம். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 நவம்பரிலேயே மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். இடுப்புக்கோ முழங்காலுக்கோ இயன்முறைப் பயிற்சியாகக் கருவி தேவைப்படுபவர்கள் கூட்டமில்லாத பிற்பகலில், சன்னலோரக் கருவியில், நல்ல முகக்கவசத்தோடு, வேகம் கூட்டாமல் செய்யலாம். 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் அந்த வாரங்களில் மூடிய கூடத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது. ஆண்டுக்கொரு முறை போட வேண்டிய இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள மறக்க வேண்டாம்.

இத்தனையும் தனி மனிதர் எடுக்கும் முடிவுகள். ஆனால் சியோனானிலும் ஹொனலூலுவிலும் நோயைக் கொண்டுபோனவர்கள் பயிற்சியாளர்கள். அவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் காலை 5 மணிக்கு வந்து 10 மணிவரை நிற்பார்; மாலை 4 மணிக்குத் திரும்ப வந்தால் கடை சாத்தும்வரை இருப்பார். கூடம் தரும் சம்பளம் சாப்பாட்டுக்குத்தான் சரியாக இருக்கும். தனிப்பயிற்சி எடுப்பவர்கள் கட்டும் பணத்தில் கிடைக்கும் பங்கில்தான் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும். ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டி, கண் சிவந்து நின்றுகொண்டிருந்தார். ‘வீட்டுக்குப் போய்ப் படுங்க மாஸ்டர்’ என்றேன். ‘டோலோ போட்டிருக்கேன் சார், இப்ப ஃபீவர் இல்ல. சாயங்காலம் மூணு பேருக்கு பி.டி. இருக்கு. நான் வரலைன்னா கிளையன்ட் வேற ட்ரெயினர்கிட்ட போயிடுவாங்க’ என்றார். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும். வைரஸ் வெளியேறுவதை நிறுத்தாது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2024 வழிகாட்டுதல், மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலிருந்து, மற்றத் தொந்தரவுகளும் குறைந்த பிறகே வெளியே வரச் சொல்கிறது. அதன் பிறகும் 5 நாள் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. எல்லாம் சரிதான். அந்த ஒரு வாரத்துக்கு அவருடைய வாடகையை யார் கொடுப்பது?

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்தோடு நோய் விடுப்பு இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் நோயுற்ற காலத்துக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கிறது. பங்குப் பணத்தில் பிழைக்கும் பயிற்சியாளர் பெரும்பாலும் இந்தக் கணக்குகளில் வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும். ஊழியர் பட்டியலில் இருக்காது.

உறுப்பினர்களுக்கும் ஏறத்தாழ இதே நெருக்கடிதான். ஓராண்டுக்குப் பணம் கட்டிவிட்டு, ‘நிறுத்திவைக்க முடியாது, திருப்பித் தர முடியாது’ என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படித்தவர், லேசான காய்ச்சலோடு கட்டிய பணத்தை நினைத்து வரத்தான் செய்வார். மருத்துவரின் சீட்டைக் காட்டினால் அத்தனை நாளும் உறுப்பினர் காலத்தில் கூட்டித் தரப்படும் என்று எழுதிவைத்தால் எந்த உரிமையாளரும் நொடித்துப்போக மாட்டார். அப்படி எழுதாத கூடத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டாதீர்கள் என்றே சொல்வேன். மாதா மாதம் கட்டுங்கள், சற்றுக் கூடுதலானாலும் பரவாயில்லை.

உள்ளாட்சி அமைப்புகள் தொழில் உரிமம் தரும்போது தீயணைப்பானைக் கேட்கின்றன, கழிவறையைக் கேட்கின்றன. மணிக்கு ஐந்து முறையாவது அறையின் காற்று மாறும்படி வெளிக்காற்று வரவும் உள்காற்று வெளியேறவும் விசிறி இருக்கிறதா என்றும் கேட்கலாம். சுவரில் ஒரு கரியமில வாயு அளவி மாட்டச் சொல்லலாம். சில ஆயிரம் ரூபாய்தான். வெளியே சுமார் 420 காட்டும் அந்தக் கருவி, உள்ளே 800-ஐத் தாண்டினால் சன்னலைத் திறக்க வேண்டும், 1,500 என்று காட்டினால் அங்கே ஓடவே கூடாது. உறுப்பினர்களே அதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். அதே உரிமப் படிவத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: இங்கே வேலை செய்யும் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும், பங்குப் பணத்தில் இருப்பவர் உட்பட, காய்ச்சல் நாள்களுக்கு ஊதியம் உண்டு.